நாய் எடை: எடை மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்ட கேள்விகள்

திருச்சியில் ஒரு செல்லப்பிராணி கிளினிக்கில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. டாக்டர் அறைக்குள் போகும் முன் நாயை எடை மேடையில் ஏற்றி, நோட்டில் எண்ணை எழுதும் ஆள். எண்ணைச் சத்தமாகச் சொன்னதும் முதலில் வருவது "மெஷின் சரியா இருக்கா அக்கா?" அடுத்தது "இவன் ஒண்ணுமே சாப்பிடறதில்லையே." அதன் பிறகு கேள்விகள், தினமும் அதே கேள்விகள்.

டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் வீட்டு லேப் (லாப்ரடார்) நாய் கருப்பனை 39 கிலோவிலிருந்து 31-க்குக் கொண்டுவந்தபோது பட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

என் நாய் குண்டா, சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?

கண்ணை நம்பாதீர்கள், முடி ஏமாற்றும். கையை வைத்துப் பாருங்கள். ஒரு கையை முஷ்டியாக மடக்கி, கணுக்களை மறு கை விரலால் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக நெரடும். நாயின் விலா அப்படி நெரடினால் இளைத்திருக்கிறது. இப்போது முஷ்டியைப் பிரித்து, கையை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு தட்டுப்படும், துருத்திக்கொண்டு நிற்காது. விலா அப்படி இருந்தால் சரியான எடை. கடைசியாக உள்ளங்கையைத் திருப்பி, விரல்களுக்குக் கீழே இருக்கும் சதை மேட்டைத் தடவுங்கள். அழுத்தினால்தான் எலும்பு கிடைக்கும். விலா அப்படி என்றால் குண்டு.

பிறகு நாய் நிற்கும்போது மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலே ஏற வேண்டும். டாக்டர்கள் இதற்கு 1 முதல் 9 வரை மார்க் போடுவார்கள். 4, 5 நல்லது. 5-க்கு மேல் ஒவ்வொரு மார்க்குக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் எடை என்று கணக்கு.

சரி, எத்தனை கிலோ இருக்கணும்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லோரும் கேட்பது இதைத்தான். ஆண் லேப் 29 முதல் 36 கிலோ, பெண் லேப் 25 முதல் 32, பக் 6 முதல் 8 என்று இனத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஆனால் நம் ஊரில் "லேப்" என்று விற்கிற எல்லாமும் ஒரே எலும்பு அளவில் இருப்பதில்லை. "பொமரேனியன்" என்று நாம் வளர்ப்பதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அதனால் இணையத்தில் பார்த்த எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஒன்றரை, இரண்டு வயதில் உங்கள் நாய் கட்டுக்கோப்பாக இருந்தபோது எவ்வளவு எடை இருந்தது என்று பழைய தடுப்பூசி அட்டையில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் அதன் எண்.

வீட்டுலயே எடை பார்க்க முடியுமா?

சின்ன நாய் என்றால் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழியுங்கள். பெரிய நாயைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கிளினிக்கிலும் எடை மட்டும் பார்க்க வரலாம். அரிசிக் கடையிலும் பழைய பேப்பர் கடையிலும் தரையோடு இருக்கும் தராசு கிடைத்தால் அதுவும் போதும். எங்கே பார்த்தாலும் எப்போதும் அதே மெஷின், காலை வெறும் வயிற்றில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

கொஞ்சம் கொழுகொழுன்னு இருந்தா என்ன தப்பு? பார்க்க அழகாத்தானே இருக்கு?

அமெரிக்காவில் 48 லேப் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து 14 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான சாப்பாடு. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. முடிவு 2002-ல் வெளியானது. நிறையச் சாப்பிட்ட கூட்டத்தின் நடுமட்ட ஆயுள் 11.2 வருடம், குறைவாகச் சாப்பிட்ட கூட்டத்துக்கு 13 வருடம். மூட்டுத் தேய்மானமும் இரண்டாவது கூட்டத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது. நிறையச் சாப்பிட்ட நாய்களும் நகர முடியாத அளவுக்கு ஊதியவை அல்ல. நம் தெருவில் பார்த்தால் "நல்லா வளர்த்திருக்காங்க" என்று சொல்லும் உடம்புதான்.

டாக்ஸன்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த நீள முதுகில் தட்டு விலகுவது அந்த இனத்துக்கே உள்ள பிரச்சினை, எடை அதை மோசமாக்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு மூச்சே பாதிதான், அதன் மேல் கொழுப்பும் சேர்ந்தால் சித்திரை வெயிலைத் தாங்காது.

எங்களோடது சிப்பிப்பாறை. எலும்பு தெரியுது, சாப்பாடே போடறதில்லையான்னு தெருவே திட்டுது.

திட்டட்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்த ஓடிய இனங்கள். கடைசி இரண்டு மூன்று விலா மேலோட்டமாகத் தெரிவதும் வயிறு ஏறி நிற்பதும் அவற்றுக்கு இயல்பு. தொடைச் சதையைப் பாருங்கள். அது திடமாக இருந்து, நாய் சுறுசுறுப்பாக இருந்தால் கவலை இல்லை. இடுப்பெலும்பும் முதுகெலும்பும் கூர்மையாகத் துருத்தி, தொடை வற்றியிருந்தால் பூச்சி மருந்து, ரத்தப் பரிசோதனை பக்கம் போங்கள். லேப்பைப் பார்த்துப் பழகிய கண்ணோடு சிப்பிப்பாறையை ஊட்டி ஊட்டி உருளையாக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு போடணும்?

போன் கால்குலேட்டரை எடுங்கள். நாய் இருக்க வேண்டிய எடையை (இப்போது இருக்கும் எடையை அல்ல) மூன்று முறை பெருக்குங்கள். 30 கிலோ என்றால் 30 × 30 × 30 = 27,000. வர்க்கமூலம் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள், 12.8 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 900. சும்மா படுத்திருந்தாலே அந்த உடம்புக்கு ஒரு நாளுக்குத் தேவையான கலோரி அது. கு.க. ஆபரேஷன் ஆன சாதாரண வீட்டு நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்கச் சொல்வது வழக்கம். நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில் தூங்கும் அப்பார்ட்மென்ட் நாய்க்கு 1.2, 1.4 போதும். எடை குறைக்க வேண்டும் என்றால் பெருக்கவே வேண்டாம், 900-லிருந்தே தொடங்கலாம்.

ட்ரை ஃபுட்டில் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 350 முதல் 400 கலோரி. 360 என்று வைத்தால் 900 கலோரிக்கு 250 கிராம். கருப்பனுக்கு முதல் முறை 250 கிராமை எடை போட்டுக் கிண்ணத்தில் கொட்டியபோது கிண்ணத்தின் அடிதான் மறைந்தது. அதுவரை "ரெண்டு டம்ளர்" என்று போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு டம்ளரை எடை போட்டால் 410 கிராம். கோபுரமாக அள்ளியதும் டம்ளரின் அளவும் சேர்ந்து செய்த வேலை. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். இந்த விஷயத்தில் நான் காசு செலவழிக்கச் சொல்லும் ஒரே பொருள் அதுதான்.

பெடிகிரி பாக்கெட்லயே அளவு போட்டிருக்கே, அதைப் போட்டா போதாதா?

(எந்த கம்பெனியின் ட்ரை ஃபுட்டாக இருந்தாலும் எங்கள் ஊரில் பெயர் பெடிகிரிதான்.) பாக்கெட் அட்டவணை தோராயமான தொடக்கம். ஓடியாடும் நாயையும் சேர்த்துப் போட்ட அளவு அது. வேறு எதுவுமே கொடுக்காத வீட்டுக்குத்தான் பொருந்தும். அப்படி ஒரு வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு பிஸ்கட்தானே அக்கா, அதுல என்ன வந்துடப் போகுது?

மேலே சொன்ன கணக்கை 8 கிலோ பக்குக்குப் போட்டால் சுமார் 330 கலோரி வரும். ஒரு மேரி பிஸ்கட் ஏறக்குறைய 25. காலையில் அப்பாவின் டீயோடு இரண்டு, மாலையில் அம்மாவின் டீயோடு இரண்டு என்றால் 100 கலோரி. நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. இதைக் கேட்டால் யாரும் "சாப்பாடு" என்று கணக்கில் சேர்ப்பதில்லை. கிண்ணத்தில் விழுந்தால்தான் சாப்பாடு என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை எடை ஏறுவது பெரும்பாலும் கிண்ணத்துக்கு வெளியே போடுவதால்.

கிண்ணத்துக்கு வெளியே போவதெல்லாம் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 900 கலோரி நாய்க்கு 90. ஒரு அவித்த முட்டை 70-ஐத் தாண்டும், ஒரு சப்பாத்தி 100-ஐத் தாண்டும், ஒரு டீஸ்பூன் நெய் 45. மாத்திரையைப் பொதிந்து கொடுக்கும் வாழைப்பழமும் கணக்கில் உண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் வேகவைத்த பீன்ஸ், கேரட், பூசணி, பச்சை வெள்ளரித் துண்டு கொடுங்கள். சுரைக்காய் கொடுத்தால் நீங்கள் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், கசந்தால் யாருக்குமே ஆகாது. திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், வெங்காயம், பூண்டு எந்த அளவிலும் வேண்டாம்.

நாங்க தயிர் சாதம்தான் போடறோம். அரிசிதான் குண்டாக்குதா?

அரிசி மேல் பழி போட வேண்டாம். சோறு 100 கிராமுக்கு 130 கலோரிதான், நாய்க்கு நன்றாகவே செரிக்கும். ஒரு பெரிய தட்டு நிறையப் பிசைந்து வைக்கும்போது அது எத்தனை நூறு கிராம் என்று யாரும் பார்ப்பதில்லை, அங்கேதான் சிக்கல். இன்னொன்று, தயிர் சாதத்தில் புரதம் குறைவு. வயிறு நிறையும், சதை வற்றும், கொழுப்பு ஏறும். எடை மேடையில் ஏறும் தயிர் சாத நாய்களைத் தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். சோற்றைப் பாதியாக்கி, தோல் நீக்கி வேகவைத்த கோழியோ முட்டையோ, கூடவே காயும் சேர்த்தால் நல்லது. ஆனால் வீட்டுச் சாப்பாடு மட்டுமே நிரந்தரம் என்றால் கால்சியமும் வைட்டமினும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

சாம்பார் சாதம், ரச சாதம், மிச்ச பிரியாணி வேண்டாம். வெங்காயம், பூண்டு, உப்பு, எண்ணெய் எல்லாம் அதில்தான். கறியின் கொழுப்புத் துண்டுகளை ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் கணையம் வீங்கிப்போகலாம். தீபாவளிக்கு மறுநாள் வாந்தியோடு வரும் நாய்களில் இந்தக் கதை அடிக்கடி உண்டு.

சாப்பிட்டு முடிச்ச அடுத்த நிமிஷம் பட்டினி கிடந்த மாதிரி பார்க்குது. பாவமா இல்லையா?

லேப் என்றால் அந்தப் பசி நடிப்பாக இல்லாமலும் இருக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் கண்டுபிடித்தது இது: நான்கில் ஒரு லேப்புக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை, "போதும்" என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போகாது. 2024-ல் இன்னொரு ஆய்வு. மூடி போட்ட டப்பாவுக்குள் சாசேஜை வைத்து, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும்படி விட்டார்கள். அந்த மரபணுக் குறை உள்ள நாய்கள்தான் டப்பாவோடு அதிகம் மல்லுக்கட்டின. கூடவே, அவை ஓய்வில் எரிக்கும் சக்தியும் சுமார் 25 சதவீதம் குறைவு. பசி கூட, செலவு கம்மி. அது பேராசைக்கார நாய் இல்லை, நீங்களும் தோற்றுப்போன ஆள் இல்லை. ஆனால் நிறுத்த வேண்டிய கை நம்முடையதுதான்.

ஒரு நாள் அளவை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். கிண்ணத்தில் கொட்டாமல் மொட்டை மாடித் தரையில் தூவிவிடுங்கள். 80 கிராமைக் கருப்பன் கிண்ணத்தில் நாற்பது நொடியில் முடிப்பான், தரையில் மோந்து மோந்து தேடிப் பொறுக்கக் கால் மணி நேரம் ஆகும். வேகவைத்த பீன்ஸைச் சாப்பாட்டோடு கலந்தால் அளவும் பெரிதாகத் தெரியும். மற்றபடி அந்தப் பார்வைக்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு இரண்டு மாதம் ஆனது.

கு.க. ஆபரேஷன் பண்ணதுல இருந்துதான் ஊதிடுச்சு. பண்ணாமலே இருந்திருக்கலாமோ?

ஆபரேஷனுக்குப் பிறகு தேவை 20 முதல் 30 சதவீதம் குறையும், பசி கூடும். தையல் பிரிக்கும் நாளிலிருந்தே சாப்பாட்டைக் குறைத்திருந்தால் ஊதியிருக்காது. இதை வீட்டுக்குப் போகும்போதே அழுத்திச் சொல்லாதது எங்களைப் போன்ற கிளினிக் ஆட்களின் தவறும்தான். ஆபரேஷனைக் குறை சொல்லாதீர்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடித்து வரும் பெண் நாய்களைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள்.

தினமும் வாக்கிங் கூட்டிட்டுப் போறோம், குறையவே இல்லையே?

நடை சதையைக் காப்பாற்றும், மூட்டை இளக்கும், மனசுக்கு நல்லது. கொழுப்பைக் கரைப்பது முக்கியமாகச் சாப்பாட்டு அளவு. கம்பத்துக்குக் கம்பம் நின்று மோந்து வரும் இருபது நிமிடத்தில் எரிவதை, திரும்பி வந்ததும் "சமத்து" என்று கொடுக்கும் இரண்டு பிஸ்கட் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

குண்டு நாயை முதல் நாளே ஓடவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கோடையில் காலை ஆறரைக்கு முன், இரவு எட்டுக்குப் பின். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு நொடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

வீட்ல பாட்டி கேட்கவே மாட்டேங்கறாங்க. ஒளிச்சு ஒளிச்சுப் போடறாங்க. என்ன பண்றது?

எல்லா வீட்டிலும் ஒரு பாட்டி உண்டு. சில வீட்டில் அது வாட்ச்மேன், சில வீட்டில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள். தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் வாகனம் என்று பிஸ்கட் பாக்கெட்டோடு வரும் எதிர் வீட்டு மாமி எங்கள் தெருவில் இருக்கிறார்.

சண்டை போட்டுப் பயனில்லை. நான் செய்தது: காலையில் கருப்பனின் முழு நாள் அளவை எடை போட்டு, அதில் ஒரு கைப்பிடியை எடுத்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மாமியாரிடம் கொடுத்துவிடுவேன். "நீங்க எப்ப வேணா கொடுங்கம்மா, இதுக்குள்ளதான்." அவருக்கு வேண்டியது நாய் தன் கையில் வந்து வாங்கித் தின்பது. அது பிஸ்கட்டா, ட்ரை ஃபுட்டா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். கருப்பனுக்கும் அப்படித்தான். அஷ்டமி மாமிக்கு வெள்ளரித் துண்டு.

ரெண்டு நாய் இருக்கு. ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி.

தனித்தனி அறை, தனித்தனி கிண்ணம், பத்து நிமிடம் கழித்து இரண்டு கிண்ணத்தையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் வைக்கும் நாயின் கிண்ணத்தைக் குண்டு நாய் துடைத்து வைப்பதுதான் முக்கால்வாசிக் காரணம்.

வாரத்துக்கு எவ்வளவு குறையணும்? சீக்கிரம் குறைக்க சனிக்கிழமை பட்டினி போடலாமா?

வாரம் உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம். 38 கிலோ நாய் வாரம் 400 கிராம் குறைந்தால் நல்ல வேகம். 30-க்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். அவசரப்பட்டால் கொழுப்போடு சதையும் போகும். பட்டினி வேண்டாம். விரதம் உங்களோடு இருக்கட்டும். நாய்க்கு அடுத்த நாள் குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும் வெறிதான் மிஞ்சும்.

போட்டுக்கொண்டிருந்த அதே ட்ரை ஃபுட்டைப் பாதிக்கும் கீழே வெட்டுவதும் சரியில்லை. கலோரியோடு புரதமும் தாதுக்களும் பாதியாகிவிடும். அவ்வளவு குறைக்க வேண்டிய நாய்க்கு எடை குறைப்புக்கென்றே புரதமும் நாரும் கூட்டிச் செய்த உணவு உண்டு. விலை அதிகம், டாக்டர் எழுதித் தர வேண்டும், ஆனால் வேலை செய்யும்.

ஒரு மாசமா நீங்க சொன்னபடிதான் போடறோம். ஒரு கிராம்கூட குறையல.

முதலில் ஒரு வாரம், நாய் வாயில் விழும் ஒவ்வொன்றையும் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் எல்லோரும். பாட்டி கேள்வியையும் பிஸ்கட் கேள்வியையும் திரும்பப் படியுங்கள். அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் அளவில் 10 சதவீதம் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். கணக்கு எல்லா உடம்புக்கும் ஒன்றாகப் பொருந்தாது.

அப்படியும் இல்லை என்றால் ரத்தம் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்த நாய் மந்தமாக, முடி கொட்டி, சாப்பிடாமலே ஊதும். அரிப்புக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு ஓடினாலும், வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் கொடுத்தாலும் பசி கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது எடையைவிட ஆபத்து.

உடம்பு இளைச்சிடுச்சு, வயிறு மட்டும் பெருசா இருக்கு. இன்னும் டயட் பண்ணணுமா?

இல்லை. இதற்கு மட்டும் நாளை என்று தள்ளாதீர்கள். போன வருடம் ஒரு நாட்டு நாயை "டயட் சொல்லுங்க" என்று கூட்டி வந்தார்கள். மேடையில் எண் நன்றாகத்தான் இருந்தது. முதுகைத் தடவினால் எலும்பு கத்தி மாதிரி, வயிறு மட்டும் தண்ணீர்க் குடம் மாதிரி, நடந்தால் தளும்பியது. உள்ளே இருந்தது கொழுப்பு இல்லை, நீர். இதயமோ கல்லீரலோ கெட்டால் இப்படி ஆகும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, வயிறு தொங்கினால் குஷிங் என்ற ஹார்மோன் நோயாக இருக்கலாம். குட்டிக்கு வயிறு உப்பினால் முதல் சந்தேகம் பூச்சி.

குண்டா இருந்தா மனுஷங்களுக்கு மாதிரி சுகர் வருமா?

பூனைக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். நாய்க்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் வகை, குண்டானதால் மட்டும் வருவதில்லை. ஆனால் கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை வந்த நாய் குண்டாகவும் இருந்தால் ஊசி அளவை நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

ஆறு மாசக் குட்டி. இப்பவே அளந்து போடணுமா? வளர்ற வயசாச்சே.

அளந்துதான் போட வேண்டும், ஆனால் பட்டினிக் கணக்கு கூடாது. குட்டிக்கு மேலே சொன்ன பெருக்கலைப் போடாதீர்கள், வளரும் உடம்புக்குக் கூடுதல் தேவை. குட்டிகளுக்கான உணவு, விலா புறங்கை மாதிரி இருக்கும் அளவுக்கு. லேப், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய இனக் குட்டி வேகமாக எடை ஏறினால் இடுப்பு மூட்டுக்குக் கேடு. எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றுவதும் அப்படித்தான். நல்ல குட்டி உணவு சாப்பிடும் குட்டிக்கு அது வேண்டியதில்லை, கூடினால் எலும்பையே கோணலாக்கும்.

11 வயசாச்சு, எழுந்திருக்கவே கஷ்டப்படுது. இந்த வயசுல போய் சாப்பாட்டைக் குறைக்கணுமா?

இந்த வயதில்தான் பலன் சீக்கிரம் தெரியும். தேய்ந்த மூட்டின் மேலிருந்து இரண்டு கிலோ இறங்கினாலே படியேறும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடித்து, சிறுநீரகம் சரியாக இருந்தால் புரதத்தைக் குறைக்காமல் கொழுப்பையும் சோற்றையும் மட்டும் குறையுங்கள். வலிக்கு டாக்டர் தரும் மருந்து மட்டும்தான். நாம் போடும் தலைவலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

எடை வந்துடுச்சு அக்கா. இனி பழையபடி போடலாமா?

பழையபடி போட்டால் பழையபடி ஆகும். குறைக்கும்போது கொடுத்த அளவில் 10 சதவீதம் கூட்டி இரண்டு வாரம் பாருங்கள், எண் நின்றால் இன்னும் கொஞ்சம். ஏறத் தொடங்கிய இடத்துக்கு ஒரு படி கீழேதான் உங்கள் நாயின் அளவு. கருப்பனுக்கு அது 290 கிராமில் நின்றது, மாமியாரின் டப்பாவையும் சேர்த்து.